எடுத்ததற்கு மேல் ஒரு செம்பு

இருளப்பனின் லாரி தண்ணீர் குடித்தது. அது ஒன்றும் அதிசயமில்லை. மலை ஏறுகிற லாரிகள் எல்லாமே குடிக்கும். குடித்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போனது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. ரப்பர் குழாய்களில் ஒழுகல் இல்லை. அடியில் ஈரம் இல்லை. எஞ்சின் எண்ணெய் கறுப்பாக, இருக்க வேண்டிய அழுக்கோடு இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் மோர் நிறத்துக்கு வந்திருக்கும். மலையடிவாரத்துத் தாப்பாவில் ரேடியேட்டரின் கழுத்து வரை ஊற்றிக்கொண்டு புறப்பட்டாலும், பாதி மலையில், அருவி விழுகிற வளைவுக்கு வந்ததும் மூடி தடதடவென்று ஆடும். உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்கும். லாரி நின்றுவிடும்.

வேறு காலமாக இருந்திருந்தால் இது லாரியின் வியாதி. ஐம்பத்தொன்றாம் ஆண்டில் அது ஓட்டுகிறவனின் குற்றமாயிற்று.

அப்போது நடந்த சண்டைக்கு அவசரகாலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் நிதானமாக நடந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், வெளியே துப்பாக்கியோடு அரசாங்கம், நடுவில் தேயிலை. கேமரன் மலைக்கு லாரிகள் தனியாக ஏறக்கூடாது. முன்னால் ஒரு கவச வண்டி, பின்னால் ஒரு கவச வண்டி, இடையில் லாரிகள் வரிசையாகப் போக வேண்டும். அதற்குக் கான்வாய் என்று பெயர். கான்வாயில் போகிறவன் நிற்கக்கூடாது. அதிலும் அருவி வளைவில் நிற்கவே கூடாது. போன மழைக்காலத்தில் அங்கேதான் மேட்டிலிருந்து சுட்டு இரண்டு காவலர்களைச் சாய்த்திருந்தார்கள். இருளப்பனின் லாரியில் இருந்ததோ அரிசி. காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குண்டு கிடைக்கலாம், ஒரு படி அரிசி கிடைக்கக்கூடாது என்பது அரசாங்கத்தின் உறுதி. அரிசி ஏற்றிய லாரி ஒன்று, காட்டுக்காரர்களுக்குப் பிடித்தமான இடம் பார்த்து, ஒவ்வொரு நடையும் நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சாலைச் சாவடியில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு வந்தது. ஜனங்கள் அவரைச் சாவடித் துரை என்றார்கள். இளவயசு, சிவந்த மூக்கு, மலாய் பேசுவார்.

"உன் லாரிக்கு மட்டும் எப்போதும் அதே இடத்தில்தான் தாகம் எடுக்குமா?" என்று மலாயில் கேட்டார்.

"பழைய லாரி, துரை."

"இன்னொரு முறை அங்கே நின்றால் உன்னைப் பிடித்து உள்ளே போடுவேன். அப்புறம் கப்பல். உன் ஊருக்குப் போய்விடலாம்."

"என் ஊரு பீடோர், துரை."

பீடோர், மலைக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் இருந்த ஊர். இருளப்பன் அங்கே ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்தவன். அப்பா கப்பலேறி வந்த கிராமத்தின் பெயர் அவனுக்கு ஒரு சொல்லாக மட்டும் தெரியும். பார்த்தே இராத இடத்துக்கு ஓர் ஆளை எப்படித் 'திருப்பி' அனுப்புவது என்று அவனுக்கு விளங்கவில்லை. சட்டத்துக்கு விளங்கியது. அப்படிப் போனவர்கள் இருந்தார்கள்.

லாரி ஓட்ட அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் ஜப்பான்காரன். ஓட்டுநர் பற்றாக்குறையான அந்த நாளில் பால்வெட்டிக்கொண்டிருந்தவனைப் பிடித்து உட்கார வைத்து, கியர் மாற்றவும், அறை விழும்போது குனியாமல் நிற்கவும் பழக்கினான். இரண்டாவது வித்தை பின்னால் எல்லா ஆட்சியிலும் உதவிற்று. யுத்தம் முடிந்ததும் இருளப்பன் மனைவி மணியம்மாவோடும் மகள் ஜெயாவோடும் மலையேறி, ரிங்லெட் என்ற ஊருக்கு மேலே இருந்த வெள்ளக்கல் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் இருந்தது. அதை உச்சரித்தவர் தோட்டத் துரை ஒருவரே. லாரி, பட்டாளத்தார் கழித்துவிட்டது. உடம்பெல்லாம் பச்சை வர்ணம், கதவில் குண்டு துளைத்த ஓட்டை இரண்டு. 'பட்டாளத்தம்மா' என்று கூப்பிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் கான்வாயில் தாப்பாவுக்குத் தேயிலைப் பெட்டிகளோடு இறங்கி, அரிசியோடு ஏறும். மற்ற நாள்களில் மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவரும்.

லாரியோடு கூடப்போகிற கெலிண்டான், கந்தன். இறக்குவான், ஏற்றுவான், மீதி நேரத்தில் பேசுவான்.

"பேய்தான் குடிக்குதுண்ணே. கோழி ஒண்ணு காவு குடுத்துப் பாருங்க."

"கோழி யாருக்கு, பேய்க்கா, ஒனக்கா?"

"மிச்சத்தை யாராச்சும் சாப்பிடணும்ல?"

கோழிக்கு முன்னால் இருளப்பன் வேறு வழிகளைப் பார்த்தான். குழாய்களை மாற்றினான். இணைப்புகளில் சோப்பை அப்பினான். ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஷம்சுதீன், யுத்த காலத்தில் தான் கண்ட வைத்தியம் என்று சொல்லி ஒரு பொட்டலம் மிளகுத்தூள் கொடுத்தார்.

"ரேடியேட்டருல போடுங்க. எங்க ஓட்டையோ அங்க போயி தானா அடைச்சுக்கும்."

"அடைக்கலேன்னா, பாய்?"

"அடைக்கலேன்னா ஓட்டை இல்லேன்னு அர்த்தம். அப்பறம் என்ன கவலை?"

அடுத்த நடையில் அருவி வளைவு முழுக்க ரசம் மணத்தது. லாரி நின்றது. பின்னால் வந்த கவச வண்டியிலிருந்து சிப்பாய்கள் கத்த, கந்தன் அருவியில் வாளியை முக்கிக் கொடுக்க, இருளப்பன் கொதிக்கிற வாய்க்குள் தண்ணீரைக் கொட்டினான். சாவடியில் லாரியை ஓரங்கட்டச் சொன்னார்கள். சாவடித் துரை இந்தத் தடவை கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தோட்ட ஆபீசுக்கு வருவதாகவும், தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு நம்பும்படியான பதில் அப்போது இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இல்லாவிட்டால் தன்னோடு புறப்பட உடுப்பை எடுத்துக்கொண்டு வரச்சொன்னார்.

வீட்டில் இருளப்பன் இதைச் சொல்லவில்லை. சொல்லுகிற நிலையில் வீடு இல்லை. ஜெயா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கணவன் ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தான். மலைக்கு வர அவனுக்கு அனுமதிச் சீட்டுக் கிடைக்கவில்லை. பெண் குழந்தை பிறந்திருந்தது. கைப்பிடி அளவு. பெயர் வைக்கவில்லை, அப்பன் வந்து வைக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். பிள்ளை பிறந்த சில நாளைக்கெல்லாம் லாரிக்கு வியாதி கண்டது என்று கந்தன் ஒருமுறை கணக்குப் போட்டுச் சொன்னான். "வாயக் கழுவுடா" என்றான் இருளப்பன்.

அது மழைக்காலம். மலைக்குளிர் தொழிலாளர் லயத்துப் பலகை இடுக்குகள் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் தினமும் உடம்பு பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்ற வேண்டும். அதற்கு விறகு வேண்டும். காட்டோரம் போய் விறகு பொறுக்குவது பழைய வழக்கம். இப்போது லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டுப் பக்கம் போனால் சுடுவார்கள். தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு கட்டு விறகு அளந்து கொடுத்தார்கள். அதில் சோறு வேகும், வெந்நீர் காயாது. ஆனாலும் மணியம்மா எப்படியோ சமாளித்தாள். சாயங்காலம் இருளப்பன் வீட்டுக்கு வரும்போது பிள்ளை குளித்துத் துணியில் சுற்றப்பட்டுக் கதகதவென்று இருக்கும். துணியில் மஞ்சள் கறை தெரியும். பிள்ளையைத் தூக்கி முகர்ந்தால் இரும்பு வாசனை அடிக்கும். கறை, பூசிக் குளிப்பாட்டிய மஞ்சள் என்று அவன் நினைத்தான். வாசனை, தன் கையிலிருந்து வருகிறதென்று நினைத்தான்.

உலகத்தில் உள்ள எல்லாக் குழாய்களையும் சந்தேகிக்கத் தெரிந்தவனுக்கு வீட்டுத் துணியைச் சந்தேகிக்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவனுக்கு வேறொரு யோசனை வந்தது. கொட்டகையில் லாரி நிற்கும்போதே தண்ணீர் இறங்குகிறதோ என்று, சாயங்காலம் ரேடியேட்டருக்குள் மூங்கில் குச்சியை விட்டு ஈரம் எட்டிய இடத்தில் கத்தியால் கீறினான். அடியில் சிமெண்டுத் தாளை விரித்து வைத்தான். காலையில் தாள் காய்ந்தபடியே இருந்தது. குச்சியை விட்டுப் பார்த்தவன் திகைத்துப் போனான். தண்ணீர் குறையவில்லை, கூடியிருந்தது.

கந்தனிடம் காட்டினான். கந்தன் குச்சியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"ரோட்டுல குடிக்குது, கொட்டகையில கக்குது. இது லாரி இல்லண்ணே. மாடுலா. அசை போடுது."

மறுநாள் சாயங்காலம் இருளப்பன் லாரியை நிறுத்திவிட்டு, வழக்கம்போல ஆபீசுக்குப் போகிறவன் மாதிரிப் போய், உரமூட்டைகளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான். ஊரடங்குச் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. பனிமூட்டம் இறங்கியிருந்தது. லாரியின் இரும்பு ஆறுகிற சத்தம் 'டிக், டிக்' என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் மணியம்மா வந்தாள். ஒரு கையில் மண்ணெண்ணெய்த் தகரம், மறு கையில் ஒரு குடம், குடத்தின் வாயில் ஒரு செம்பு. காவலுக்கு நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரன் அவளுக்குத் தலையாட்டினான். ஓட்டுநர் பெண்டாட்டி லாரிப் பக்கம் போவதில் அவனுக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? அவள் ரேடியேட்டருக்கு அடியில் தகரத்தை வைத்து, குனிந்து, வடிகிற சின்னக் குழாயைத் திறந்தாள். ஆவி பறக்கத் தண்ணீர் விழுந்தது. தகரம் நிறைந்ததும் குழாயை மூடினாள். முன்சட்டத்தில் காலை வைத்து ஏறி, மூடியைத் திறந்து, குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு செம்பால் மொண்டு இன்னொரு தடவை ஊற்றினாள். மூடியை இறுக்கினாள்.

"மணியம்மா."

அவள் செம்பைக் கீழே போடவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இப்படியா பயமுறுத்துவீங்க?"

"நான் பயமுறுத்துறனா? என்னடி பண்ற நீ?"

"தெரியலையா? சுடுதண்ணி எடுக்கிறேன். சும்மா காத்துல போற சூடுதானே? பச்சப் புள்ள நடுங்குது. வெறகுக்கு எங்க போவேன்?"

"எங்கிட்டக் கேக்கறதுக்கு என்ன?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களாக்கும்! லாரி தொரையோடதும்பீங்க, தண்ணியும் தொரையோடதும்பீங்க."

உண்மைதான். இருளப்பன் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

"ஒன்னாலதான்டி லாரி நிக்குது! இந்தத் தண்ணிக்காக என்னயக் கப்பல்ல ஏத்தப் போறான்."

மணியம்மா முதலில் கப்பல் விஷயத்தைக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அசையவில்லை.

"எடுத்த அளவு ஊத்திட்டேங்க. அதுக்கு மேல ஒரு செம்பும் ஊத்தியிருக்கேன், அடுத்தவன் சொத்துல கொறை வைக்கக் கூடாதுன்னு. கொழாயையும் இறுக்கி மூடிட்டுத்தான் வருவேன். என்னால கொறஞ்சிருக்காது."

"நீ மூடுன லட்சணம்! ஓடுற வண்டியில சொட்டுச் சொட்டாப் போயிருக்கும். ரோட்டுல யாரு பாத்தா?"

"சொட்டியிருக்காது."

"இனிமே இந்தப் பக்கம் வராத."

தகரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகவிட்டான். அன்று பிள்ளைக்கு அந்தத் தண்ணீர்தான்.

இருளப்பன் அன்று நன்றாகத் தூங்கினான். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், அது அந்தக் கேள்விக்கான பதில்தானா என்று பார்க்கிற பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. தலைக்கு மேல் கப்பல் நிற்கும்போது கேட்கவே வேண்டாம். தினமும் காலையில் தான் கழுத்துவரை ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறோம் என்பதும், அந்தக் குழாயில் தன் விரலுக்கு ஒருநாளும் ஈரம் தட்டியதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்ததை அன்றைக்கு நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீசில் தோட்டத் துரை ஒரு நாற்காலி, சாவடித் துரை ஒரு நாற்காலி, பக்கத்தில் மொழிபெயர்க்க, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி ராமையா. இருளப்பன் நின்றான். உடுப்பு மூட்டை கொண்டுவரவில்லை. கிட்டத்தட்டச் சிரித்த முகமாக இருந்தான். வீட்டுக் கூத்து ஒன்றை நாலு பேர் முன்னால் சொல்லப்போகிற கூச்சம் அது.

"கண்டுபிடிச்சாச்சு, கிராணியாரே. எல்லாம் எங்க வீட்டம்மா பண்ண வேலை" என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னான். குடம், தகரம், குழாய், பிள்ளைக் குளியல் எல்லாம் சொன்னான்.

ராமையா உடனே மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருளப்பா, இதை இப்படியே சொல்லணுமா? குழாய் இளகியிருந்துச்சு, இறுக்கிட்டேன்னு முடிச்சுக்கலாமே?"

"உள்ளதுதானேங்க. பொய்யா சொல்றேன்? சொல்லுங்க."

ராமையா சொன்னார். அவருடைய ஆங்கிலத்தில் ஒரு சொல் கூடப் பிசகவில்லை. தமிழில் அது ஒரு பாட்டி பேத்திக்கு வெந்நீர் எடுத்த கதை. ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தபோது, அரிசி ஏற்றுகிற லாரியின் எஞ்சினில் ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் கைவைத்து வந்திருக்கிறாள் என்றும், அதனால் அந்த லாரி எதிரிக்கு வசதியான வளைவில் தவறாமல் நின்றிருக்கிறது என்றும் ஆகியிருந்தது. தோட்டத் துரை மட்டும் லேசாகச் சிரித்தார். சாவடித் துரை சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தார்.

"அவளுக்கு அந்தக் குழாயைக் காட்டிக்கொடுத்தது யார்?"

"யாரும் காட்டலீங்க. நான் கழுவறப்ப பாத்திருப்பா."

"அவளுக்குச் சகோதரர்கள் உண்டா?"

"ஒரு தம்பி. சயாமுக்கு ரயில் ரோடு போட ஜப்பான்காரன் கொண்டுபோனவன். வரல."

"இறந்துவிட்டானா?"

"வரலீங்க."

"இறந்ததற்கு அத்தாட்சி?"

சயாமில் செத்தவர்களுக்கு யார் அத்தாட்சி எழுதினார்கள்? அத்தாட்சி இல்லாமல் செத்தவன் காட்டுக்குள் உயிரோடு இருக்கலாம் என்பது சாவடித் துரையின் தர்க்கம். தர்க்கம் என்கிற அளவில் அதில் ஓட்டை கிடையாது.

இருளப்பன் அப்போதுதான் ராமையாவின் பக்கம் திரும்பினான். "கிராணியாரே, அப்படி இல்லேன்னு சொல்லுங்க. கொழந்தைக்காக எடுத்ததுன்னு சொல்லுங்க." ராமையா அதையும் சொன்னார். அதையும் பிழையில்லாமல்தான் சொன்னார்.

ஜீப் லயத்துக்குப் போனபோது மணியம்மா பிள்ளைத் துணிகளைப் பிழிந்து கம்பியில் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. உள்ளே போய் ஜெயாவிடம், பிள்ளை பெற்றவளுக்கான பத்தியக் காயச் சோறு எதில் இருக்கிறது, பிள்ளைக்கு மூக்கடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். ஜீப்பில் ஏறும்போது இருளப்பனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எடுத்த அளவு ஊத்திட்டேன்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

அவன் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னவன் அதை மட்டும் விட்டிருந்தான். நம்பாததை எப்படிச் சொல்வது?

சாவடித் துரை ஒழுங்கான மனுஷர். கதையின் கொடுமையே அதுதான். கெட்ட ஆளாக இருந்தால் பிடித்ததோடு விட்டிருப்பார். இவர் அடுத்த கான்வாய் நாளில் தாப்பாவுக்கே வந்து, ரேடியேட்டரைத் தன் கண்முன்னால் நிரப்பச் சொல்லி, மூடிக்கும் வடிகுழாய்க்கும் கம்பி சுற்றி ஈயமுத்திரை வைத்தார். இருளப்பனுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்தார். அருவி வளைவு வந்தது. மூடி ஆடிற்று. லாரி நின்றது. முத்திரைகள் இரண்டும் வைத்தபடியே இருந்தன. உள்ளே தண்ணீர் இல்லை.

இருளப்பன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்.

லாரியைக் கட்டி இழுத்துத் தாப்பாவுக்குக் கொண்டுபோய் ஒரு சீனர் பட்டறையில் விட்டார்கள். முதலாளிக் கிழவரே மெக்கானிக், தௌக்கே என்று அழைப்பார்கள். அவர் எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, இருளப்பனையும் கந்தனையும் கூப்பிட்டுக் காட்டினார். தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. எஞ்சின் ஆறியிருந்தால் வாய் மூடிக்கொள்ளும். பாரத்தோடு மலை ஏறிச் சூடானால் திறக்கும். தண்ணீர் அதன் வழியாக உள்ளே போய் வெந்து, புகைக்குழாயில் வெள்ளைப் புகையாகப் போய்விடும். சமவெளியில் என்றால் யாராவது பார்த்திருப்பார்கள். மலையில் வானம் வெள்ளை, சாலை வெள்ளை, பேசுகிறவன் வாயிலிருந்து வருவது வெள்ளை. மேகத்துக்குள் போகிற லாரி வெள்ளைப் புகை விட்டால் யார் கண்டது?

"சூட்டுல பச்சைத் தண்ணி ஊத்தினியா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"வழியில நின்னப்ப ஊத்தினேன், தௌக்கே. சிப்பாய் அவசரப்படுத்தினான்."

"அது வெடிச்சப்புறம். அதுக்கு முன்னால. பழைய இரும்பு ஒரு நாள்ல இப்படி ஆவாது. சூடா இருக்கறப்ப தினம் தினம் பச்சைத் தண்ணி ஊத்தணும், அப்பத்தான் ஆவும். யாரு ஊத்தினா?"

கந்தன் வாயைத் திறந்தான். இருளப்பன் அவனைப் பார்த்தான். கந்தன் தன் வாழ்நாளில் பேச ஆரம்பித்து நிறுத்திய ஒரே சந்தர்ப்பம் அது.

ஆக, அவள் சொன்னதில் பொய்யில்லை. எடுத்த அளவு ஊற்றினாள். அதற்கு மேல் ஒரு செம்பும் ஊற்றினாள். எடுத்துக்கொண்டு சும்மா போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. காலையில் ஆறிய எஞ்சினில் இருளப்பன் எப்படியும் நிரப்பியிருப்பான். திருடியது லாரியை ஒன்றும் செய்யவில்லை. திருப்பிக் கொடுத்ததுதான் வெடிக்க வைத்தது.

மணியம்மாவை உடனே விட்டிருக்க வேண்டும். சாவடித் துரையே அப்படித்தான் எழுதினார் என்று ராமையா சொன்னார். ஆனால் பிடிக்க ஒரு வாய்ச்சொல் போதுமாக இருந்தது. விட, பல மேசைகள் வேண்டியிருந்தன. இதற்குள் சாவடித் துரைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவருக்கு இந்த லாரி யார் லாரி என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இடையில் இருளப்பன் தோட்டத் துரையிடம் போய்க் கூடுதலாக ஒரு கட்டு விறகு கேட்டான். துரை உடனே கொடுத்தார். முன்பே கேட்டிருந்தால் இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டே அவன் கட்டைத் தூக்கினான். மழை விறகு, எரிந்ததைவிடப் புகைந்தது அதிகம். ஜெயாவுக்குப் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெரியாது, அம்மாதான் செய்துகொண்டிருந்தாள். லயத்துப் பெண்கள் முறைவைத்து வந்தார்கள், பிறகு மலைக்கு வேலைக்குப் போனார்கள். பிள்ளைக்கு மார்ச்சளி கட்டிற்று. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்து கலக்கிக் கொடுத்தார். மழை விடுவதற்குள் பிள்ளை போய்விட்டது.

கம்பிவேலிக்கு வெளியே, காட்டோரத்தில்தான் தோட்டத்து இடுகாடு. விறகு பொறுக்க அனுமதியில்லாத இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. துப்பாக்கியோடு இரண்டு பேர் துணைக்கும் வந்தார்கள். இருளப்பன் துணியில் சுற்றிக் கையிலேயே கொண்டுபோனான். துணியில் அந்தக் கறை இருந்தது. அது மஞ்சள் இல்லை, துரு என்று இப்போது தெரிந்தது. ஜெயாவை அழைத்துப்போக அவள் கணவனுக்கு அனுமதிச் சீட்டு வந்தது, எல்லாம் முடிந்தபிறகு.

மணியம்மாவை விட்டபோது ஒரு வருஷம் ஓடியிருந்தது, கவாத்து வெட்டிய தேயிலை மறுபடி துளிர்த்திருந்தது. தாப்பாவுக்குப் போய் இருளப்பன் தன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டான். கந்தன் கேட்காமலே பின்னால் போய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தான். மணியம்மா இளைத்திருந்தாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள்.

கான்வாய் புறப்பட்டதும் கேட்டாள்:

"பாப்பாவுக்கு என்ன பேரு வச்சாங்க?"

பேர் வைப்பதற்குள் பிள்ளை போய்விட்டதை அவன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். அவள் முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அருவி வளைவு வந்தது. லாரி நிற்கவில்லை, முனகிக்கொண்டே ஏறிற்று.

"இங்கதானே நிக்கும்?"

"ஆமா."

"இப்ப நிக்கலையே. என்னவாம் அதுக்கு?"

"பழைய இரும்பு. தன்னால வெடிச்சிருக்கு. மேல்பாகத்தை மாத்தியாச்சு."

"நான் எடுத்த தண்ணியால இல்லையே?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ ஊத்துனது சரியா இருந்துச்சு. ஒரு சொட்டுக் கொறையல."

உள்ளதைச் சொல்லி அவளை அனுப்பியவன், இல்லாததைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனான். அவள் வெளியே பார்த்தாள்.

"நான்தான் சொன்னேனே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதைத் தாங்கிக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

கொட்டகையில் ஒரு புதுப் பலகை தொங்கியது. பட்டறைச் செலவைக் கண்டு விழித்துக்கொண்ட தோட்டத் துரை சொல்லி, ராமையா அழகான தமிழில் எழுதிய பலகை: சூடான எஞ்சினில் குளிர்ந்த நீர் ஊற்றக்கூடாது. மணியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் இருளப்பன் அவளை முன்னால் போகச்சொல்லிவிட்டு ஆணியோடு அதைப் பிடுங்கினான். கந்தன் பார்த்தான், வானத்தைப் பார்த்து, மழை வரும்போல என்றான்.

வீட்டில் இருளப்பன் தானே அடுப்பை மூட்டினான். குளிர்காலத்திலும் காய்ச்சலிலும் அவள்தான் அவனுக்கு வெந்நீர் போட்டிருக்கிறாளே தவிர, அவன் அவளுக்குப் போட்டதில்லை. பிடுங்கி வந்த பலகை காய்ந்த மரம், நன்றாக எரிந்தது. கொதிக்கிற தண்ணீரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் தகரத்தில் ஊற்றினான். அதே மண்ணெண்ணெய்த் தகரம்.

மணியம்மா விரலை விட்டுப் பார்த்துக் கையை உதறினாள்.

"கொதிக்குதுங்க. பச்சைத் தண்ணி ஒரு செம்பு ஊத்துங்க."

அவன் குடத்தில் செம்பை முக்கி எடுத்தான். எடுத்தவன் தகரத்துக்கு மேலே அதைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"ஏங்க, ஊத்துங்களேன். என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி, ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்.